தனித்து உயர்வதா, உடன் உயர்வதா?

கல்லூரி அன்னையின் விழாமலருக்குக் கட்டுரை ஒன்று தரும்படி மலர்க் குழுவினர் பணித்தபோது, முன்னைய மலர்கள் சிலவற்றை நூல்நிலையத்தினின்றும் வருவித்துப் புரட்டிப் பார்த்தோம். அவை ஒவ்வொன்றிலும் பட்டியல் ஒன்று தவறாது இடம்பெற்றிருந்தது. மருத்துவர் இத்துணையர், பொறியியலாளர் இத்துணையர், நியாயவாதிகளும் கணக்காளரும் நிருவாக சேவையாளரும் இத்துணையர் என்பதே அப்பட்டியல். அதனைக் காணும் எந்த ஆசிரியனுக்கும் உள்ளம் பூரிப்பது இயல்பே. யாமும் பூரித்தோம். ஆயினும், பட்டியலை மூடிய பின்னர் வேறொரு வினா எம் உள்ளத்தைத் தைத்தது. இக்கல்லூரியின் வாங்குகளில் அமர்ந்தவருள் இப்பட்டியலில் இடம்பெறாதார் எத்துணையர்? அவர்கள் எங்கே போயினர்? அவர்களைப் பற்றி எம்மிடம் ஒரு வரியேனும் உண்டா?

இவ்வினாவுக்கு விடை தேடுதற்கு எமக்குத் துணையாய் நின்றவர் ஒரு புகையிரதத் தொழிலாளி. அவர் நம் நாட்டினரல்லர், நம் காலத்தினருமல்லர். ஐக்கிய அமெரிக்காவில் 1855 இற் பிறந்து 1926 இல் மறைந்த யூஜின் விக்ரர் டெப்ஸ் என்பாரே அவர். நம் மாணவர் தமிழ் மன்றத்தில் ஒருநாள் அவர் வரலாற்றை எடுத்துரைத்தோம். உரை முடிந்ததும் பதினொராந் தர மாணவன் ஒருவன் எழுந்து, "ஐயா, ஐந்து முறை தேர்தலில் நின்று ஐந்து முறையும் தோற்றவரை எப்படிப் பெரியவர் என்கிறீர்கள்?" என்று கேட்டான். மன்றம் நகைத்தது. எமக்கு உடனே விடை வரவில்லை. பின்னர் வந்த விடையே இக்கட்டுரை.

புகையிரதத்துக்கும் யாழ்ப்பாணத்தவர்க்கும் உள்ள உறவு பழையது. 1905 இற் கொழும்புக்கும் காங்கேசன்துறைக்கும் இடையே பாதை முழுமை பெற்ற நாளிலிருந்து, குடாநாட்டு இளைஞனுக்குத் தண்டவாளம் உத்தியோகத்துக்குச் செல்லும் வழியாயிற்று. இலங்கையில் மட்டுமோ? மலாயாவின் புகையிரதப் பகுதியில் நிலைய அதிபராயும் எழுதுவினைஞராயும் பணியாற்றி, ஊருக்குப் பணம் அனுப்பிக் கல்வீடு கட்டிய தலைமுறை ஒன்று நமக்குண்டு. நம் கல்லூரிகள் பலவற்றின் கட்டடங்களில் அவர்தம் வியர்வையும் கலந்துள்ளது. யாம் பயின்ற காலத்திலோ நிலைமை வேறு. 1990 இல் வண்டி நின்றது. தண்டவாளங்களும் சிலிப்பர்க் கட்டைகளும் பதுங்கு குழிகளுக்குப் போயின. புகையிரதம் என்பதைப் பாடநூற் படத்திற் கண்டே யாம் வளர்ந்தோம். 2014 இல் யாழ்தேவி மீண்டும் யாழ்ப்பாண நிலையத்துட் புகுந்த நாளிற் கண்ணீர் விட்ட முதியோரை யாம் அறிவோம். அத்தகைய மண்ணிலிருந்து ஒரு புகையிரதத் தொழிலாளியின் வரலாற்றை நோக்குவது பொருத்தமேயாகும்.

டெப்ஸின் பெற்றோர் பிரான்சின் அல்சாசுப் பகுதியிலிருந்து இந்தியானா மாநிலத்து டெரே ஹோட் நகரிற் குடியேறிப் பலசரக்குக் கடை வைத்துப் பிழைத்தவர்கள். நூலின்பம் அறிந்த தந்தையார், யூஜின் சூ, விக்ரர் கியூகோ என்னும் பிரெஞ்சு எழுத்தாளர் இருவர் பெயரையும் இணைத்து மகனுக்குச் சூட்டினார். பதினான்காம் வயதிற் பள்ளியை விட்டு நீங்கிய மைந்தன், புகையிரத வேலைத்தளத்தில் வண்டிகளின் பழைய வர்ணத்தைச் சுரண்டும் வேலையிற் சேர்ந்தான். நாட்கூலி அரை டொலர். சில காலஞ் செல்ல, எஞ்சின் அடுப்புக்குக் கரி வாரியிடும் பயர்மன் ஆனான். வெம்மையும் புகையும் ஒருபுறம், ஓடும் வண்டியில் நிலை தவறினால் உயிரிழப்பு மறுபுறம் என அமைந்த தொழில் அது. 1874 இல், தாயின் மன்றாட்டத்துக்கு இணங்கி அத்தொழிலைக் கைவிட்டு, மொத்த வியாபாரக் கடை ஒன்றிற் கணக்கெழுதப் புகுந்தான்.

இவ்விடத்திற் சற்று நிற்போம். நம் ஊர்க் கதையாயின் இங்கே மங்களம் பாடிவிடலாம். கரி வாரிய கை பேனா பிடித்தது, பிள்ளை தப்பினான், இனி அவனுக்கு என்ன குறை? கோழி மேய்த்தாலும் கோறணமேந்தில் மேய்க்க வேண்டும் என்பது நம்மவர் கொள்கை. டெப்ஸும் அவ்வாறே மெல்ல மெல்ல மேலேறக் கூடியவராகவே இருந்தார். 1879 இல் நகரசபையின் எழுதுவினைஞர் பதவிக்குத் தெரிவு செய்யப்பட்டு இருமுறை அதனை வகித்தார். 1885 இல் ஜனநாயகக் கட்சியின் சார்பில் மாநிலச் சட்டசபை உறுப்பினரானார். முப்பதாவது வயதை எட்டுமுன் இத்துணை ஏற்றம். ஆனால் அவர் உள்ளம் எஞ்சின் அடுப்பின் அருகிலேயே நின்றுவிட்டது. 1875 இல் தம் ஊரில் அமைந்த பயர்மன்மார் சங்கக் கிளையின் செயலாளராகி, பின்னர் அச்சங்கத்தின் தேசியச் செயலாளராகவும் அதன் சஞ்சிகையின் ஆசிரியராகவும் உயர்ந்தார். சட்டசபையில், வேலையில் ஊனமுற்ற புகையிரதத் தொழிலாளர்க்கு நிறுவனங்களே பொறுப்பேற்க வேண்டுமென ஒரு மசோதாவை முன்வைத்தார். மேலவை அதனை உயிரற்ற உடலாக்கி அனுப்பியது. அப்பதவிக்கு அவர் மறுமுறை நிற்கவில்லை.

அக்காலத்துப் புகையிரதத் தொழிலாளர் ஒரே வண்டியில் ஊழியஞ் செய்தும் ஒரே சங்கத்தில் இருந்தாரல்லர். எஞ்சின் சாரதிக்கு ஒரு சங்கம், பயர்மனுக்கு ஒன்று, காட்டுக்கு ஒன்று, பிறேக் பிடிப்பவனுக்கு ஒன்று, தண்டவாளம் மாற்றுவோனுக்கு ஒன்று. சாரதி வேலைநிறுத்தஞ் செய்தால் மற்றொருவன் வண்டியை ஓட்டுவான். மற்றவன் நிறுத்தினால் சாரதி பார்த்திருப்பான். கூலி குறைந்த வழித்தொழிலாளர்க்கோ சங்கமே இல்லை. 1888 இல் ஒரு பெருவேலைநிறுத்தம் இவ்வாறு தோற்றதைக் கண்ணாரக் கண்ட டெப்ஸ், தாம் வளர்த்த பயர்மன்மார் சங்கத்துப் பதவியைத் துறந்து, 1893 இற் சிக்காகோ நகரில் எல்லாப் புகையிரதத் தொழிலாளர்க்கும் பொதுவாக அமெரிக்கப் புகையிரதச் சங்கம் என்பதை நிறுவினார். மறு ஆண்டு ஏப்ரலில், பெரிய வடபாதை நிறுவனத்தில் நடந்த வேலைநிறுத்தம் பதினெட்டே நாளில் வெற்றி கண்டது. அவர் ஊர் திரும்பிய வண்டி நிலையத்தை விட்டு நகர்ந்தபோது, பாதையோரத்திலே வழித்தொழிலாளர் தம் கருவிகளை ஏந்தியவாறு தொப்பி கழற்றி மௌனமாய் நின்றனர். வாழ்நாளிற் பெற்ற மரியாதைகளுள் அதனையே தலையாயதாக அவர் நினைவு கூர்ந்தார். எந்தப் பல்கலைக்கழகமும் அளித்தற்கியலாத பட்டம் அது.

வெற்றியைத் தொடர்ந்து வந்தது வீழ்ச்சி. சிக்காகோவை அடுத்துப் புல்மன் என்னும் செல்வர் ஒருவர் உறங்கு பெட்டிகள் செய்யும் தொழிற்சாலையும், தொழிலாளர்க்கெனத் தம் பெயரால் ஒரு நகரும் அமைத்திருந்தார். வீடு அவருடையது, கடை அவருடையது, விளக்குக்கு வரும் வாயுவும் அவருடையது. 1893 இன் வணிக மந்தத்தை அடுத்துத் தொழிலாளரின் கூலி பெரிதுங் குறைக்கப்பட்டது. வீட்டு வாடகை மட்டுங் குறையவில்லை. 1894 மே மாதத்தில் அவர்கள் வேலைநிறுத்தஞ் செய்தனர். தம் சங்கம் இளங்குழவி என்பதை உணர்ந்த டெப்ஸ் நிதானம் வேண்டுமென்றே எச்சரித்தார். எனினும் பேராளர்கள் முடிவு செய்தபின், அம்முடிவைத் தம் முடிவாகவே ஏற்றுத் தலைமை தாங்கினார். புல்மன் பெட்டி பூட்டிய வண்டியை எவரும் தொடார் என்னும் அறிவிப்பு நாட்டின் மேற்குப் பாதி முழுவதையும் அசையாது நிறுத்தியது. தபால் தடைப்படுகிறது என்பதைக் காரணங்காட்டி மத்திய அரசு நீதிமன்றத் தடையாணை பெற்றது. அந்த ஆணைக்கு முன்னின்று உழைத்த சட்ட அமைச்சர் முன்னாளிற் புகையிரத நிறுவனங்களின் வழக்கறிஞராய் இருந்தவர். மாநில ஆளுநரின் மறுப்பையும் பொருட்படுத்தாது சனாதிபதி கிளீவ்லாந்து படைகளை அனுப்பினார். ஏறக்குறைய முப்பது உயிர்கள் மாண்டன. வேலைநிறுத்தம் முறிந்தது, சங்கம் சிதைந்தது, டெப்ஸ் ஆறு மாதச் சிறை பெற்றார். புகையிரத நிறுவனம் ஒன்றின் வழக்கறிஞர் பதவியைத் துறந்து அவருக்காக வாதாட வந்த கிளாரன்ஸ் டாரோ, பின்னாளிற் பெரும்புகழ் பெற்ற வழக்கறிஞரானார்.

வீழ்ச்சிக்கு அரசின் படைபலம் மட்டுமே காரணம் என்று கூறி இவ்வரலாற்றைக் கடந்துவிட எம் மனம் ஒப்பவில்லை. எல்லார்க்கும் பொதுவென எழுந்த அச்சங்கத்தின் வாயில் உண்மையில் எல்லார்க்கும் திறந்திருக்கவில்லை. வெள்ளையரே உறுப்பினராகலாம் என்பது அதன் விதி. புல்மன் பெட்டிகளிற் பயணிகளுக்குப் படுக்கை விரித்து ஏவல் செய்தவர்களோ கறுப்பினத்தவர். அவர்களைச் சேர்க்க வேண்டுமென்று டெப்ஸ் வாதாடினார். சங்க மாநாடு சிறு பெரும்பான்மையால் அதனை மறுத்தது. தன் வீட்டின் ஓர் அறையைத் தானே பூட்டி வைத்துக்கொண்டு, வீடு முழுவதையும் காக்கப் புறப்பட்டவரைப் போன்றோராயினர் அவர்கள். அப்பிழையைத் தோல்வியின் காரணங்களுள் ஒன்றாகப் பின்னர் டெப்ஸே எண்ணினார்.

இதனை வாசிக்கும் நம்மவர் அமெரிக்கரை எள்ளி நகைத்தற்கு முன்னர் தம் முற்றத்தைச் சற்று நோக்குதல் நன்று. கிறித்தவப் பாடசாலைகளிற் சைவப் பிள்ளைகள் உற்ற இடரைத் தீர்த்தற்கே நம் இந்துக் கல்லூரிகள் எழுந்தன. அப்பெருமையை ஆண்டுதோறும் மேடைகளிற் பேசுகின்றோம். ஆனால் அக்கல்லூரிகளின் வாயில்கள் சைவப் பிள்ளைகள் அனைவர்க்கும் ஒரே அளவில் திறந்திருந்தனவா? சமபந்திக்கும் சமவாங்குக்கும் இம்மண்ணில் எழுந்த எதிர்ப்பை முதியோர் அறிவர். சமூகக் குறைபாடுகளைத் தடுக்க 1957 இற் சட்டம் வந்த பின்னரும், 1968 இல் மாவிட்டபுரக் கோயில் வாயிலில் மனிதர் மறிக்கப்பட்டனர். உரிமை கேட்டு மேலே நோக்கிக் கை நீட்டுவோன், அதே வேளையிற் கீழே நிற்பவனைக் காலால் உதைப்பானாயின் அவன் கேட்பது உரிமையன்று. தனக்கென ஒரு சலுகையே. டெப்ஸின் வரலாற்றில் நமக்குரிய முதற் பாடம் இதுவென்போம்.

சிறைவாசம் டெப்ஸை மாற்றியது. அங்கே அவர் நூல்களிற் மூழ்கினார். தாம் ஆதரித்த கட்சியின் சனாதிபதியே தம் தோழர்மீது படையேவியதைக் கண்டவர், நாட்டின் இரு பெருங்கட்சிகளும் ஒரே செல்வர் கூட்டத்தின் இரு கைகள் என்னும் முடிவுக்கு வந்தார். தோழர் சிலருடன் சமவுடைமைக் கட்சியை அமைத்து, 1900, 1904, 1908, 1912, 1920 ஆகிய ஐந்து தேர்தல்களிற் சனாதிபதி பதவிக்கு நின்றார். முதன்முறை கிடைத்தவை ஏறக்குறைய 87,000 வாக்குகள். 1908 இற் செவ்வண்டி என்னும் புகையிரதம் ஒன்றை வாடகைக்கு அமர்த்தி நாடெங்கும் நிலையத்துக்கு நிலையம் உரையாற்றினார். கரி வாரிய தண்டவாளத்தின் மீதே கருத்து வாரி வழங்கச் சென்றார் எனலாம். 1912 இல் வாக்குகள் ஏறக்குறைய 900,000 ஆயின. அளிக்கப்பட்டவற்றுள் நூற்றுக்கு ஆறு.

இனி வருவது அவர் வாழ்வின் உச்சம். முதலாம் உலகப் போரில் அமெரிக்கா 1917 இற் புகுந்தது. போரை எதிர்த்துப் பேசுவோரை அடைக்கச் சட்டம் வந்தது. 1918 யூன் 16 இல், ஓகையோ மாநிலத்துக் கான்ரன் நகரில், அறுபத்திரண்டு வயதான டெப்ஸ் திறந்த வெளியிற் பேசினார். போரை அறிவிப்போர் ஒரு வகுப்பினர், அதில் மடிவோர் மற்றொரு வகுப்பினர் என்பதே அவர் உரையின் சாரம். பேசினாற் சிறை என்பதை அறிந்தே பேசினார். வழக்கு வந்தபோது, பேசியதை மறுக்கவுமில்லை, மன்னிப்புக் கோரவுமில்லை. தாழ்ந்த வகுப்பென ஒன்று உலகில் உள்ளவரை தாமும் அவ்வகுப்பைச் சேர்ந்தவரே என்றும், சிறையில் ஓருயிரேனும் அடைபட்டிருக்கும்வரை தாம் விடுதலை பெற்றவரல்லர் என்றும் மன்றத்திற் கூறினார். தண்டனை பத்தாண்டு. 1919 இல் உச்ச நீதிமன்றம் ஒருமுகமாக அதனை உறுதி செய்தது.

அத்திலாந்தாச் சிறையில் 9653 ஆம் இலக்கக் கைதியாய் இருந்தவாறே 1920 இல் ஐந்தாம் முறையாக வேட்பாளரானார். ஊர் ஊராய்ச் செல்ல வழியில்லை, மேடையில்லை. ஆயினும் ஏறக்குறைய 914,000 மக்கள் அக்கைதிக்கு வாக்களித்தனர். சனாதிபதி வில்சன் அவரை விடுவிக்க மறுத்தார். அடுத்து வந்த சனாதிபதி ஹார்டிங் 1921 நத்தார் தினத்தில் விடுவித்தார். அவர் வெளியேறிய வேளையிற் சிறைக்கூடமெங்கும் நின்ற கைதிகள் எழுப்பிய ஆரவாரம் வாயிலைக் கடந்தும் அவரைத் தொடர்ந்தது. உடல் நலிந்த நிலையில் ஐந்தாண்டே வாழ்ந்து, 1926 ஒற்றோபர் 20 இல் மறைந்தார்.

இனி எம் மாணவனின் வினாவுக்கு வருவோம். ஐந்து முறை தோற்றவர் எங்ஙனம் பெரியவராவார்?

தோற்றவர் அவர், அவர் கேட்டவை தோற்கவில்லை என்பது முதல் விடை. பெண்களுக்கு வாக்குரிமை வேண்டுமென்று அவர் கட்சி கேட்டது. 1920 இல் அது நாட்டின் யாப்பில் ஏறியது. எட்டு மணி நேர வேலைநாள் வேண்டுமென்று கேட்டது; 1916 இற் புகையிரதத் தொழிலாளர்க்கே முதலில் அது சட்டமாயிற்று. சங்கம் அமைக்கும் உரிமை 1935 இலும், குழந்தைத் தொழிலுக்குத் தடை 1938 இலும் வந்தன. அவரைத் தோற்கடித்த கட்சிகளே அவர் கேட்டவற்றைச் செய்து புகழ் பெற்றன. நாற்று நட்டவன் ஒருவன், கதிர் அறுத்தவன் வேறொருவன். நட்டவன் தோற்றான் என்று எந்தக் கமக்காரனும் சொல்லான்.

ஆனால் இவ்விடையோடு யாம் அமைவதற்கில்லை. நாளை பலிக்கும் என்னும் உறுதியிருந்தாற்றான் நேர்மையாய் நிற்கலாம் என்றால் அதுவும் ஒருவகை வணிகமே. பலிக்காதவையும் உண்டு. நம் நாட்டிலே 1980 யூலை வேலைநிறுத்தத்தில் ஏறக்குறைய 40,000 அரச ஊழியர் ஒரே வீச்சில் வேலையிழந்தனர். அவருட் புகையிரதப் பகுதியினரும் இருந்தனர். அவர்தம் பிள்ளைகளின் பள்ளிக் கட்டணத்துக்கும் அரிசிக்கும் எந்த வரலாற்று ஆசிரியனும் விடை சொல்லான். தியாகத்தை மேடையிற் போற்றுவது எளிது. அதன் விலையைச் செலுத்துவோர் பெரும்பாலும் போற்றுவோரல்லர். ஆகையால், மாணவர்களை நோக்கி, நீவிரும் சிறை செல்க என்று கூறும் துணிவு எமக்கில்லை, உரிமையுமில்லை.

பிறிதொரு சான்றும் நம் நினைவுக்கு வருகின்றது. இந்தியாவின் வி. வி. கிரி அவர்களும் புகையிரதத் தொழிலாளரின் துணையால் உயர்ந்தவரே. அயர்லாந்திற் சட்டம் பயின்று வந்தவர். தாம் கரி வாரியவரல்லர். எனினும் அகில இந்தியப் புகையிரதத் தொழிலாளர் சம்மேளனத்தை உருவாக்கியவருள் முதன்மையானவர். 1947 முதல் 1951 வரை இந்தியாவின் உயர் ஸ்தானிகராக நம் நாட்டிலும் இருந்தவர். 1954 இல், வங்கி ஊழியர்க்குக் கிடைத்த தீர்ப்பை அரசு திருத்தியதை ஏற்காது மத்திய தொழில் அமைச்சர் பதவியைத் துறந்தார். 1969 இல், காங்கிரசுக் கட்சியின் அதிகாரபூர்வ வேட்பாளரை எதிர்த்துச் சுயேச்சையாய் நின்று குடியரசுத் தலைவரானார். பிரதமரின் ஆதரவு அவர்க்கு இருந்தது என்பதையும் மறைத்தற்கில்லை. முதல் விருப்பு வாக்குகளில் எவரும் அறுதிப் பெரும்பான்மை பெறாமையால், இரண்டாம் விருப்பு வாக்குகள் எண்ணப்பட்டே 420,077 க்கு 405,427 என்னும் கணக்கில் வென்றார். ஆனால் 1974 மே மாதத்தில், அதே சம்மேளனத்தின் தலைமையில் இந்தியப் புகையிரதத் தொழிலாளர் நாடு தழுவிய வேலைநிறுத்தஞ் செய்து ஆயிரக்கணக்கிற் சிறைப்பட்டபோது, மாளிகையில் வீற்றிருந்தவர் அவரே. யாப்பு அவர் கையைக் கட்டியிருந்தது. அவரை யாம் குறை கூறவில்லை. பதவி என்னும் ஏணி எத்துணை நல்லோரையும் எத்துணை தூரத்துக்கு அப்பால் ஏற்றிவிடும் என்பதையே சுட்டுகின்றோம்.

இருவரையும் அருகருகே வைத்து நோக்கின், எம் மாணவனின் வினாவிலிருந்த பிழை தெளிவாகும். அவன் உயரத்தை அளந்தான். யாம் தூரத்தை அளக்கச் சொல்லுகின்றோம். ஒருவன் எவ்வளவு மேலே போனான் என்பது ஓரளவை. தன்னோடு புறப்பட்டவர்களிலிருந்து எவ்வளவு தூரம் விலகிப் போனான் என்பது மற்றோரளவை. டெப்ஸ் தாம் தொழிலாளரினின்று உயர விரும்பவில்லை, தொழிலாளரோடு உயரவே விரும்பினார். ஆகவே அவர்கள் உயராத இடத்திற் தாமும் உயரவில்லை. அவர்கள் அடைபட்ட இடத்திற் தாமும் அடைபட்டார். இதனைத் தோல்வி என்று அழைப்பது அளவுகோலின் பிழை.

யாம் பட்டதாரியல்லேம், பயிற்றப்பட்ட ஆசிரியராகவே இருபது ஆண்டுக்கு மேலாகத் தமிழ் கற்பித்து வருகின்றோம். பல்கலைக்கழகம் சென்ற மாணவர் நாடு திரும்பும்போது எம்மைத் தேடி வருவதுண்டு. அது பேறே. ஆனால் சந்தையில் மூடை சுமப்பவனும், முச்சக்கரவண்டி ஓட்டுபவனும், கடலுக்குப் போகின்றவனும் எம்மைக் கண்டதும் தலையைத் திருப்பிக்கொண்டு போகின்றனர். அவர்களும் எம் வகுப்பிலிருந்தவர்களே. கல்லூரிக்குத் தாம் பெருமை தேடித் தரவில்லை என்னும் நாணத்தை அவர்களுக்கு ஊட்டியவர் யாவர்? விழாமலரின் பட்டியலும் நாமுமே அன்றோ?

ஆகையாற் பழைய மாணவர் சங்கத்தார்க்கு இரண்டு விண்ணப்பங்கள் செய்கின்றோம். இவ்விழா நினைவாகக் கட்டடங்கள் எழட்டும். அவற்றை யாம் மறுக்கவில்லை. அவற்றோடு, இக்கல்லூரியிற் சேர்ந்த ஒவ்வொரு மாணவனின் பெயரையும், அவன் எத்தரத்தில் விலகினான், இன்று என்ன தொழில் செய்கின்றான் என்பதையுங் குறித்த முழு இடாப்பு ஒன்று தொகுக்கப்படுக. அதில் மருத்துவர்க்கும் மூடை சுமப்பவர்க்கும் அகரவரிசையே வரிசையாகுக. இரண்டாவதாக, சாதாரண தரத்துடனோ அதற்கு முன்னரோ கல்வியைக் கைவிட்டவர்க்கென மாலைவேளையில் ஒரு வாசிகசாலையும் வகுப்பும் இக்கல்லூரியின் ஓர் அறையில் நடைபெறுக. பதினான்காம் வயதிற் பள்ளியை விட்ட ஒருவர், நூல்களைத் துணைக்கொண்டு ஒரு நாட்டின் மனச்சாட்சியாய் வளர முடிந்தது. அத்தகையோர் நம் ஊரில் இல்லை என்று எவர் அறிவார்? அவர்கள் வாசித்தற்கு ஒரு விளக்கை நாம் ஏற்றி வைத்ததுண்டா?

அறை ஒன்றே போதும். கற்பித்தற்கு யாம் ஊதியமின்றி வருவோம். எம்மோடு வேறு சில ஆசிரியரும் வருவர் என்று நம்புகின்றோம்.

டெரே ஹோட் நகரில் டெப்ஸ் வாழ்ந்த இல்லம் இன்று அரும்பொருட்சாலையாக உள்ளது. பாதையோரத்திலே தொப்பி கழற்றி நின்ற அத்தொழிலாளர்க்கு நினைவகம் இல்லை. அவர்தம் பெயரும் எவர்க்கும் தெரியாது. ஆயினும் அவர்கள் நின்றமையாலேயே அவர் டெப்ஸ் ஆனார். நம் கல்லூரி அன்னையும் அவ்வாறே. பட்டியலில் உள்ளோர் அவள் முகம். பட்டியலில் இல்லாதோர் அவளைத் தாங்கும் கால்கள். அடுத்த விழாமலர் வெளிவரும் நாளில், இதுவரை தலையைத் திருப்பிக்கொண்டு சென்றவர்களும் இவ்வாயிலினூடே தலை நிமிர்ந்து வருவாராக. அன்றே இவ்விழா நிறைவெய்தும்.

வாழ்க கல்லூரி அன்னை! வாழ்க அவள் மைந்தர் அனைவரும்!